ஒரு சொல்லுக்காக

ஆம்பூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று பிரியாணி, மற்றொன்று, ரயில் ஊரை நெருங்கும்போது ஜன்னல் வழியாக வந்து சேரும் தோல் வாசனை. முதலாவதற்குச் சப்புக் கொட்டுவார்கள். இரண்டாவதற்குக் கைக்குட்டையைத் தேடுவார்கள். இந்த இரண்டு வாசனைகளுக்கும் நடுவில் நான் அறுபது வருஷம் குடியிருந்துவிட்டேன். என் பாட்டனார் இந்த ஊரில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதினார். நான் கதை எழுதுகிறேன். "அவர் எழுதினதைக் கூட்டினால் தொகையாவது வந்தது" என்று என் மனைவி சொல்லுவாள். அது இருக்கட்டும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது செல்போனில் இருக்கும் பிரௌஸரைப் பற்றி. கதை எழுதுகிறவனுக்கு ஏன் இந்த வம்பு என்று வாசகர்கள் கேட்கலாம். வம்பு நானாகத் தேடிப் போனதில்லை. மாடிப்படி வழியாக இறங்கி வந்தது.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஓர் அம்மாளும் அவளுடைய பிள்ளையும் குடியிருக்கிறார்கள். அம்மாளுக்கு ஷூ கம்பெனியில் வேலை. பத்தொன்பது வருஷமாகப் போகிறாள். முதலில் அப்பர் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தாள். கண் கொஞ்சம் மங்கிய பிறகு செக்கிங்கில் போட்டார்கள். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு இரண்டாவது காப்பி ஞாபகம் வரும். புருஷன் இல்லை. பெண்ணை வாணியம்பாடியில் கொடுத்திருக்கிறாள். பிள்ளை வேலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். தினமும் ரயிலில் காட்பாடி போய் வருகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் கையில் செல்போனுடன் இறங்கி வந்தாள்.

"சார், போன வாரம் உங்க தொடர்கதை படிச்சேனே, அந்தப் பக்கத்தைப் பத்திரமா எங்கியோ வெச்சேன். எங்க வெச்சேன்னு தெரியலீங்க."

என் கதையை ஒருவர் பத்திரப்படுத்தினார் என்று கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். பிரௌஸரின் பட்டியலில் அந்தப் பக்கம் இருந்தது. அதன் தலைப்பில் ஒரு நல்ல புத்தகத் தமிழ்ச் சொல்லும் இருந்தது. இலக்கணப் பிழை இல்லை; தமிழாசிரியர் பார்த்தால் முழு மார்க் கொடுப்பார். ஆனால் அந்தச் சொல் தனக்கானதுதான் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை.

"இன்னா சார் இது, பரிட்சைக்கு வர்ற வார்த்தை மாதிரி கீது?"

படித்த பக்கத்துக்கு அடையாளம் வைப்பது என்று விளக்கினேன்.

"அவ்ளோதானா? முடிச்சுன்னு போட வேண்டியதுதானே?" என்று சொல்லி, முந்தானை நுனியைக் காட்டினாள். அதில் இரண்டு பத்து ரூபாய் நோட்டு முடிந்திருந்தது. காணாமல் போகக் கூடாததை முடிந்து வைப்பது தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் செய்கிற காரியம். நான் முப்பது வருஷம் தமிழில் எழுதியும் இந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிள்ளை படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். "போடலாம்மா" என்றான்.

"யாரு போடுவாங்க?"

"நானே போடறேன்."

நான் சிரித்துவிட்டேன். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் உபயோகிக்கும் ஒரு சாதனம். அதில் ஒரு சொல்லை ஆம்பூர் மாடிப்படியில் நிற்கிற பையன் மாற்றிவிடுவதாவது! என் சொந்தக் கதையில் அச்சுக்கோத்தவர் மாற்றிய ஒரு சொல்லைத் திரும்ப மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் பையன் சிரிக்கவில்லை. அது ஃபயர்ஃபாக்ஸ் என்ற பிரௌஸர் என்றும், அதன் மூல நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது என்றும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்றும் சொன்னான். "அனுமதி கேக்கவே வேணாம் சார். அனுமதியைக் கூடவே எழுதிக் கொடுத்திருக்காங்க."

எனக்குப் பாட்டனார் சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. குரோமிய உப்பு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் பதனிட்டார்கள். அவருடைய மண்டியில் ஒரு மேஸ்திரி இருந்தாராம். பட்டைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள்" என்று சொல்லுவாராம். சொன்னது தப்பாது. எப்படித் தெரியும் என்று யார் கேட்டாலும் வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா இருப்பாராம். அவர் போனபோது அந்த நாக்கும் போய்விட்டது. தொழில் ரகசியம் என்றால் அப்படித்தான். வியாபாரத்துக்கு விற்கிற மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஷூவை வாங்கிக்கொள்ளலாம், எப்படித் தைத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

1998ஆம் வருஷம் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனி அந்த வழக்கத்தை மீறியது. மைக்ரோஸாஃப்ட் தன் பிரௌஸரை விண்டோஸுடன் இலவசமாகக் கொடுத்ததால் நெட்ஸ்கேப்புக்கு வியாபாரம் படுத்துவிட்டது. ஜனவரியில் அறிவித்து, மார்ச் 31ஆம் தேதி அவர்கள் தங்கள் பிரௌஸரின் மூல நிரலை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டார்கள். அதைப் பராமரிக்கப் பிறந்த ஏற்பாட்டுக்கு மொஸில்லா என்று பெயர். கம்பெனி கடைசியில் மறைந்தது; திறந்துவிட்டது மறையவில்லை. அதன் வழிவந்த ஃபயர்ஃபாக்ஸின் முதல் பதிப்பு 2004 நவம்பர் 9ஆம் தேதி வெளிவந்தது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு மூன்று தடவை பெயர் வைத்தாயிற்று. முதலில் ஃபீனிக்ஸ், அந்தப் பெயர் வேறொருவருடையது என்று ஆட்சேபம் வந்தது. பிறகு ஃபயர்பேர்ட், அதற்கும் ஆட்சேபம். மூன்றாவது பெயர்தான் நிலைத்தது.

இதையெல்லாம் பையன் தன் தாயாரிடமும் சொல்லியிருக்கிறான். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒரு செய்தி. மொஸில்லாக்காரர்கள் தங்கள் பிரௌஸர் எஞ்சினையே அடித்தளமாக வைத்து மலிவான செல்போன் செய்து பார்த்தார்கள். 2014இல் இந்தியாவில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கூட அது விற்றது. நிலைக்கவில்லை, கைவிட்டார்கள். ஆனால் திறந்து கிடந்த அந்த நிரலை வேறொரு கம்பெனி எடுத்து கைஓஎஸ் என்று செய்தது. 2017இல் வந்த ஜியோபோனுக்குள் இருந்தது அதுதான். கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் பலர் முதன்முதலாக இன்டர்நெட் பார்த்தது அந்த பட்டன் போனில். "அட! அப்பவே நம்ம வீட்டுக்கு வந்துட்டுதா?" என்றாளாம், ஏதோ தூரத்து உறவு அகப்பட்டதைப் போல.

அன்று இரவே வேலை ஆரம்பமாயிற்று. அவனிடம் இருந்தது, அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினி. நினைவகம் நாலு ஜிபி. ஃபயர்ஃபாக்ஸை மூலத்திலிருந்து செய்து எடுக்க, அவர்கள் சொல்கிற கணக்கில் நாலு ஜிபி என்பது கடைசிப் படி. எட்டுக்கு மேல் இருந்தால் உத்தமம். வட்டில் முப்பது ஜிபி காலி இடம் வேண்டும். "குரோமுக்கு அடிப்படையான குரோமியமும் திறந்ததுதான் சார். அதுக்கு நூறு ஜிபி கேக்கறாங்க" என்றான். வரன் பார்க்கப் போன இடத்தில் சீர் அதிகம் கேட்டதால் அடுத்த வீட்டுக்குப் போனவன் மாதிரி முகம் வைத்துக்கொண்டான்.

மூல நிரலை வீட்டு டேட்டாவில் இறக்கினால் தினசரி அளவு தீர்ந்துவிடும். ஆகவே கல்லூரியிலிருந்து ஒரு டிஸ்க்கில் எடுத்து வந்தான். கோடிக்கணக்கான வரிகள். அதில் அவன் மாற்ற வேண்டியது ஒரு சொல்! அந்தச் சொல் இருக்கும் இடத்தை எனக்குக் காட்டினான். ஆண்ட்ராய்ட் பகுதிக்குள் போய், மொழிவாரியாக அடுக்கிய உறைகளில் தமிழுக்கான உறையைத் திறந்தால், பிரௌஸர் பேசுகிற தமிழ் வாக்கியம் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. சொல்லை மாற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"முடிந்ததா?" என்றேன்.

"இனிமேத்தான் சார் ஆரம்பம்."

விஷயம் இதுதான். மனிதன் எழுதியதை மனிதன் படிக்கலாம், போன் படிக்காது. அந்தக் கோடி வரிகளையும் போனுக்குப் புரிகிற எந்திர மொழியாக்கிக் கட்ட வேண்டும். அதற்குப் 'பில்டு' என்று பெயர். போதாததற்கு மடிக்கணினியின் சில்லு பேசுவது ஒரு பாஷை. போனின் சில்லு பேசுவது வேறு பாஷை. தெலுங்கு வீட்டில் உட்கார்ந்து கன்னட வீட்டுக்குச் சமைக்கிற மாதிரி. இத்தனைக்கும் வேண்டிய சாமான்களைச் சேகரித்து வைக்க 'மாக்' என்று ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அது முதலில், என்ன செய்ய உத்தேசம் என்று ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்கிறது. அதில் மூன்றாவது, ஆண்ட்ராய்ட் பிரௌஸரைப் பாதி தயாரான சரக்கிலிருந்து செய்வது. நாலாவது, முழுக்க முழுக்க மூலத்திலிருந்து செய்வது. இளரத்தம் அல்லவா? நாலைத் தட்டினான்.

என் படுக்கையறைக்கு நேர் மேலே அவன் மேஜை. இரவு முழுவதும் அந்த மடிக்கணினியின் விசிறி, மழையில் நனைந்த பூனையைப் போல முனகிக்கொண்டே இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு முனகல் நின்றது. ஆயிற்று போலிருக்கிறது என்று புரண்டு படுத்தேன். காலையில் அம்மாள் இறங்கி வந்து சொன்னாள்: "ராத்திரி பூரா கண்ணு முழிச்சிக்கினு இருந்தான் சார். விடியறப்ப 'கொன்னுடுச்சு, கொன்னுடுச்சு'ன்றான். யாரைடான்னு எனக்கு உயிரே போயிட்டுது."

கொல்லப்பட்டது பில்டுதான். நினைவகம் போதாமல் தவிக்கும்போது, அதிகமாகத் தின்கிற வேலையை லினக்ஸ் பிடித்துக் கொன்றுவிடுமாம். மூன்று இரவு முயன்றான். மூன்று இரவும் கொலை. செமஸ்டர் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நாலாவது நாள் மாடியில் அம்மாளின் குரல் உயர்ந்தது. "உங்கப்பன் இருந்தா இதைப் பார்த்துக்கினு இருப்பாரா? ஒரு வார்த்தைக்காகப் படிப்பை விட்டுடுவியா? நான் அந்த வார்த்தையைக் கத்துக்கறேன்டா, எனக்கு வயசாயிடல!"

அன்று மாலை பையன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை என்றான். எஞ்சின் முழுவதையும் மொஸில்லாவே தன் பெரிய கணினிகளில் கட்டி வைத்திருக்கிறது. அதை அப்படியே இறக்கிக்கொண்டு, மேலே தெரிகிற பகுதியை மட்டும் நாம் கட்டலாம். சொல் மாற்றுகிறவனுக்கு அதுவே போதும். "ஆனா அது நான் செஞ்சதுன்னு எப்படி சார் சொல்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காய்கறிப் பையுடன் வந்த அவன் அம்மாள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, நம்ம ஊர்ல எல்லாருமா பச்சைத்தோல் வாங்கிச் சுண்ணாம்புல போட்டு ஆரம்பிக்கிறாங்க? வெட் ப்ளூ வாங்கியாந்து சாயம் போட்டு, மெருகு போட்டு அனுப்பறவங்க எத்தினி பேர்! அவங்க செஞ்சது இல்லியா அது? எந்த இடத்துலே உன் கை படணுமோ அந்த இடத்துலே ஒழுங்கா படணும். அவ்ளோதான்."

வெட் ப்ளூ என்பது குரோமியத்தில் ஊறி நீலம் பாய்ந்த, பாதி வேலை முடிந்த தோல். ஒரு காலத்தில் நம் ஊர்கள் பாதி பதனிட்ட தோலைத்தான் கப்பலேற்றின. மெருகும் லாபமும் கடல் கடந்து போயின. 1972இல் சீதாராமையா கமிட்டி ஆலோசனை சொல்லி, அடுத்த வருஷம் முதல் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் முழுமையான தோலும், அப்பரும், ஷூவும் இங்கேயே பெருகின. பாதியிலிருந்து முழுமைக்குப் போவது சின்னக் காரியமில்லை என்று இந்த ஊருக்குத் தெரியும்.

அன்றிரவு விசிறி முனகியது, விடியுமுன் நின்றது. இந்தத் தடவை கொலை இல்லை. அம்மாளின் செல்போனில் 'பில்டு எண்' என்ற வரியை ஏழு தடவை தட்டினான். ஏழு தட்டினால்தான் போன் தன் உள் கதவைத் திறக்குமாம். ஏதோ மந்திரக் கதை போலத்தான் இருந்தது. ஒரு கேபிளைச் செருகினான். சிறிது நேரத்தில் பழைய பிரௌஸருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பட்டியலைத் திறந்தான். 'முடிச்சுகள்' என்று இருந்தது.

அந்த அம்மாள் அதைக் கொண்டாடவில்லை. செக்கிங் மேஜையில் தையலைத் தடவிப் பார்ப்பவள் போல, கட்டை விரலால் அந்தச் சொல்லை ஒரு தடவை தடவினாள். அது உடனே திறந்துகொண்டது. உள்ளே என் தொடர்கதை இருந்தது.

"சரியா கீது" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் அப்பருக்குச் சொல்லியிருப்பாளோ, அதே குரல்.

மறுநாள் என் சிநேகிதர் ஒருவர், ஓய்வுபெற்ற உருது ஆசிரியர், டீ குடிக்க வந்திருந்தார். அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஒரு காலத்தில் ஆண்ட்ராய்ட் போனில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஓபரா மினியில் ஓர் இடத்தை மாற்றினால்தான் எழுத்துகள் படமாக வந்து காட்சி கொடுக்கும். 'கெ' என்று எழுதினால் கணினிக்குள் 'க' முன்னாலும் கொம்பு பின்னாலும் இருக்கும். திரையில் யாராவது கொம்பை முன்னால் தூக்கி வைக்க வேண்டும். அந்தத் தூக்கி வைக்கிற வேலையை ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரு திறந்த நிரல் என்று பையன் சொன்னான். உருது எழுத்துகளை வலமிருந்து கோத்துக் கொடுப்பதும் அதுவே.

சிநேகிதர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. பாரசீகத்தில் யாரோ அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்" என்றார். பையனுக்கே அது புதிய செய்தி. ஆம்பூரில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தமிழும் உருதும் ஒரே கோப்பில் கோக்கப்படுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் போனுக்குள்ளும் அப்படித்தான் என்று கேட்டது சந்தோஷமாக இருந்தது.

கதை எழுதுகிறவனாக இருந்தால் இங்கேயே முற்றும் போட்டிருப்பேன். வாழ்க்கை அடுத்த வாரமும் தொடர்ந்தது.

பரீட்சை ஒருவாறு நல்லபடி முடிந்தது. அதற்குள் முடிச்சு விஷயம் கம்பெனி பஸ்ஸில் பரவிவிட்டது. "என் பிள்ளை செஞ்சது" என்று அந்த அம்மாள் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். நாலு பெண்கள் தங்கள் போனிலும் வேண்டும் என்று கேட்டார்கள். ஒருத்தி அச்சாரமாக மல்லிகைப்பூவே கொடுத்தனுப்பினாள். பையன் முகம் வாடிப் போய் மறுபடி திண்ணைக்கு வந்தான்.

"ஏனப்பா, கொடுக்க உரிமை இருக்கிறது என்றாயே?"

"உரிமை இருக்குது சார். மாத்தின இடத்தைக் கேக்கறவங்களுக்குக் காட்டணும், அது ஒண்ணும் பெரிசில்ல. ஃபயர்ஃபாக்ஸ்ன்ற பேரை மட்டும் வெச்சுக் கொடுக்கக் கூடாது. நிரல் எல்லாருக்கும் பொது, பேரு அவங்களுது."

2006இல் டெபியன் என்ற லினக்ஸ்காரர்களுக்கும் இதே தகராறு வந்ததாம். தாங்கள் திருத்திய பிரௌஸருக்கு ஐஸ்வீஸல் என்று பெயர் மாற்றி, 2016 வரை பத்து வருஷம் அப்படியே கொடுத்தார்களாம். அம்மாளுக்கு இதில் ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. அவள் கை பட்ட ஷூவில் எந்த நாளும் அவள் பெயரோ ஊர் பெயரோ இருந்ததில்லை. அந்நியப் பெயர்தான் பொறித்துப் போகும்.

"அப்படியானால் 'முடிச்சு' என்றே பெயர் வைத்துக் கொடேன்" என்றேன். நானாக இருந்தால் நாலு பேருக்கு அல்ல, நாலாயிரம் பேருக்குக் கொடுத்திருப்பேன். எழுதுகிறவனுக்குக் கைதட்டல் கேட்டால் புத்தி மங்கிவிடும்.

பையன் மெதுவாகச் சொன்னான்: "கொடுக்கறது ஒரு நாள் வேலை சார். அப்புறம்? நாலு வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருது. ஒவ்வொண்ணுலயும் ஏதாவது ஓட்டையை அடைச்சிருப்பாங்க. கடையிலிருந்து இறக்கினது தானாகப் புதுப்பிச்சுக்கும். நான் கட்டினது அப்படியே நிக்கும். நான் ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டி, அஞ்சு போனுக்கும் போடணும். எனக்கு பெங்களூரில் வேலைப் பயிற்சி வந்திருக்குது. இவங்க எல்லாம் அதிலேதான் பி.எஃப். பார்ப்பாங்க, பாங்கி பார்ப்பாங்க. ஏதாவது ஆனா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தோல் பளபளப்பாகக் கப்பலேறிவிடும். கழிவு நீர் கிணற்றில் தங்கிவிடும். செய்து அனுப்புவதோடு பொறுப்புத் தீர்ந்தது என்று எங்கள் பக்கம் வெகு காலம் நினைத்தோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது வேலூர் மாவட்டம் ஒன்றாக இருந்தது. 2019இல் அது மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் இன்னொரு தடவை தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. செய்த பிறகு பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு நதி செலவாயிற்று. இந்தப் பையனுக்கு இருபது வயதில், ஒரு சொல்லின் செலவில் தெரிந்துவிட்டது.

"அம்மாகிட்டே எப்படி சார் சொல்றது? அவ்வளவு சந்தோஷமா இருக்குது."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். நான்தான் சொல்லணும்."

அன்று இரவு மாடியில் வெகு நேரம் பேச்சுக் குரல் கேட்டது. உயர்ந்த குரல் இல்லை. காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்த அம்மாள் என் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"எல்லாம் சொன்னான் சார். அவன் சொல்றதுதான் நியாயம். திரும்பி வந்தா எடுத்துக்க ஆளில்லாத ஷூவை நான் பாஸ் பண்ண மாட்டேன். பூ கொடுத்தவளுக்கு நானே சொல்லிக்கிறேன்." ஹார்ன் சத்தம் கேட்டது. போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள்: "பணம் காசெல்லாம் கடை பிரௌஸர்ல. கதை மட்டும் இவன் செஞ்சதுல. கதையைத் திருடி யாரு இன்னா பண்ணப் போறாங்க?"

என் தொழிலைப் பற்றி இவ்வளவு தெளிவான அபிப்பிராயத்தை எந்த விமரிசகரும் எழுதியதில்லை.

பையன் பெங்களூர் போய் இப்போது மூன்று மாதமாகிறது. அவன் ஒரு வேலை செய்கிறான். மொஸில்லாவின் மொழிபெயர்ப்புகளுக்காகப் பான்டூன் என்று ஒரு பொதுவான இடம் இருக்கிறது. யாரும் கணக்கு ஆரம்பித்து ஒரு வாக்கியத்துக்கு யோசனை சொல்லலாம். அனுபவமுள்ளவர்கள் பார்த்து ஏற்பார்கள், அல்லது தள்ளுவார்கள். ஏற்றால் அது எல்லோருடைய போனுக்கும் போகும். கட்டுகிற வேலையையும், பிறகு பார்த்துக்கொள்கிற வேலையையும் அவர்களே ஏற்கிறார்கள். "முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே" என்று போனில் கேட்டேன். "செஞ்சிருக்கலாம் சார். ஆனா உள்ளே போய்ப் பார்க்காம இருந்தா, எத்தனை பேர் கை பட்டு இது ஓடுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான்.

'முடிச்சு' என்ற சொல்லை அவன் அனுப்பினானா என்று கேட்டேன். அனுப்பவில்லையாம். மற்ற ஊர்களில் முடிச்சு என்றால் சிக்கல் என்றும், புதிர் என்றும் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அது தன் அம்மாவுக்கான சொல், அவள் போனிலேயே இருக்கட்டும் என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனிடமிருந்து அழைப்பு வருகிறது. ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டி, "அம்மா, இதை நீ எப்படிச் சொல்லுவே?" என்று கேட்கிறான். அவள் அரிசி களைந்துகொண்டே பதில் சொல்லுகிறாள். சில சமயம் எனக்கும் காதில் விழும். கையில் ஒரு காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொள்கிறேன். மூல நிரலைத் திறந்து வைத்திருக்கிற வீடு மாடியிலேயே இருக்கும்போது, கீழ்வீட்டுக்காரன் ஏன் அகராதியைப் புரட்ட வேண்டும்?